ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர்: எங்கே தொடங்குவது, எதைப் பார்த்து வாங்குவது

ஸ்போர்ட்ஸ் காருக்கு முதன்முறையாக டயர் மாற்றப் போகிறவர் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த டயர் நல்ல டயர்?" ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். சொன்னதெல்லாம் நல்ல டயராகவும் இருக்கும். ஆனால் அவற்றில் பாதி உங்கள் காருக்கோ நீங்கள் ஓட்டும் விதத்துக்கோ ஒத்துவராது. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். இந்தக் காரை நான் வெளியே எடுக்கிற நாட்களிலேயே மோசமான நாள் எது? கொட்டுகிற மழையா, பனி கொட்டும் விடியற்காலையா, ரேஸ் டிராக்கில் வெயிலில் சுற்றுகிற அரை மணி நேரமா? அந்த நாளைத் தாங்குகிற டயர் மற்ற நாட்களையும் பார்த்துக்கொள்ளும். நல்ல நாளுக்கென்று வாங்கிய டயர் மோசமான நாளில் கைவிட்டுவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகும்.

முதல் படி: டார்ச்சோடு காரைச் சுற்றி வாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே பாதி வேலை வீட்டில் முடிந்துவிடும். நான்கு டயர்களின் சைடுவாலையும் (பக்கச் சுவர்) படம் எடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும் (சில கார்களில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும்). டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சாகியிருக்கும். அதையும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய காராக வாங்கியிருந்தால் இது முக்கியம். முந்தைய உரிமையாளர் வேறு ரிம், வேறு அளவு போட்டிருக்கலாம். டயரில் இருப்பதையே பார்த்து "இதே அளவு கொடுங்கள்" என்றால் அவர் செய்த தவறு உங்கள் தலையில் விழும். ஸ்டிக்கரும் காரோடு வந்த கையேடும் சொல்வதுதான் சரியான அளவு.

அடுத்து தேய்மானம். நின்றபடி வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு "இன்னும் பட்டன் இருக்கே" (தரையைத் தொடும் ரப்பர் மேடுகளைத்தான் பட்டன் என்பார்கள்) என்று திருப்திப்படாதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரத்தின் மேல்பக்கம் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி அமைத்திருப்பார்கள். வளைவில் பிடிமானம் கிடைக்க அது வேண்டும். அதனால் டயரின் உள் ஓரம் முதலில் தேயும். முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்தால் உள் ஓரம் தெரிந்துவிடும். பின் சக்கரத்துக்கு அந்த வசதி கிடையாது. தரையில் உட்கார்ந்து, பம்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் தாராளமாகப் பள்ளம் இருக்க, உள் ஓரத்தில் ரப்பர் போய்க் கம்பி தலைகாட்டுகிற டயர்கள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. கையை உள்ளே விட்டுத் தடவும்போது மெதுவாகத் தடவுங்கள், கம்பி கிழித்துவிடும்.

தடவிப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. உள்ளிருந்து வெளியே தடவினால் மழமழவென்றும், வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல் போலவும் இருந்தால், சக்கரம் நேராக உருளாமல் லேசாக இழுபட்டு ஓடுகிறது என்று அர்த்தம். வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) சரியில்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்று குறைவு. இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த டயர் போட்டாலும் அதே மாதிரிதான் தேயும்.

எப்போது மாற்ற வேண்டும்? புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் எல்லை வந்துவிட்டது. ஆனால் அகலமான டயர் போட்ட வேகக் காரில் அவ்வளவு தூரம் போகக் கூடாது என்பது என் கட்சி. அகலம் கூடக் கூட, டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும். பள்ளம் ஆழமில்லாவிட்டால் தண்ணீர் போக இடமின்றி டயரைத் தூக்கிவிடும். கார் தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று எடையில்லாமல் போய்விடும். 3 மில்லிமீட்டர் வந்ததும் புது டயர் தேடத் தொடங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: வயதைப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிகம் ஓடுவதில்லை. கவர் போட்டு நிறுத்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகிவிடும்.

சைடுவாலில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு நீளமான குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த தேதி: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பது வழக்கம். வெளிப்பக்கம் தேதி இல்லாவிட்டால் உள்பக்கம் பாருங்கள்.

வயதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2013 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்குள்ளாகி, அதில் பயணம் செய்த நடிகர் பால் வாக்கரும் ஓட்டியவரும் இறந்தார்கள். விபத்துக்குக் காரணம் பாதுகாப்பற்ற வேகம் என்றுதான் விசாரணை முடிவு சொன்னது. ஆனால் அதே விசாரணையில், அந்தக் காரின் டயர்கள் ஒன்பது வயதானவை என்பதும் காரின் கையாளும் தன்மையை அவை பாதித்திருக்கலாம் என்பதும் பதிவானது. பார்வைக்கு அப்படிப்பட்ட டயர் புதிதாகவே தெரியும். ரப்பரின் மிருதுத் தன்மை போனது கண்ணுக்குத் தெரியாது.

பல கார் நிறுவனங்கள் 6 ஆண்டுகளை எல்லையாகச் சொல்கின்றன. வேகக் காருக்கு அதை நான் வளைக்க மாட்டேன். 6 ஆண்டு ஆனால், பட்டன் முழுசாக இருந்தாலும் கழற்றிவிடலாம்.

மூன்றாம் படி: சைடுவால் கணக்கு

2019க்குப் பிறகு வந்த போர்ஷே 911 கரேரா எஸ் காரை எடுத்துக்கொள்வோம். முன்னால் 245/35 இசட்ஆர்20, பின்னால் 305/30 இசட்ஆர்21. 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 35 என்பது சைடுவாலின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. இங்கே சுமார் 86 மில்லிமீட்டர். இசட்ஆர் என்பது அதிவேகத்துக்கான டயர் என்பதன் குறி. 20 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பின் டயர் அகலத்திலும் ரிம்மிலும் வேறு. முன்னும் பின்னும் இப்படி அளவு மாறும் கார்களில் முன் டயரைப் பின்னால் மாற்றிப் போட வழியே இல்லை. செலவுக் கணக்குப் போடும்போது இதை மனதில் வையுங்கள்.

அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் எழுத்தும் வரும். எண் என்பது ஒரு டயர் தாங்கும் எடை: 91 என்றால் 615 கிலோ, 100 என்றால் 800 கிலோ. எழுத்து என்பது வேக வரம்பு: வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர், டபிள்யூ 270, ஒய் 300. எண்ணும் ஒய்யும் அடைப்புக்குறிக்குள் இருந்தால் 300க்கும் மேலே தாங்கும். எக்ஸ்எல் என்று இருந்தால் சைடுவால் வலுவூட்டப்பட்டது, அதிகக் காற்றோடு அதிக எடை தாங்கும்.

"நான் என்ன 300இலா போகப் போகிறேன், வி போதாதா?" என்று கேட்கத் தோன்றும். போகாவிட்டாலும் குறைக்காதீர்கள். வேக வரம்பு என்பது வெப்பத்தைத் தாங்கும் திறன். டயருக்குள் எஃகுப் பட்டைகளுக்கு மேல் சுற்றப்படும் நைலான் அல்லது அராமிட் (வலுவான செயற்கை இழை) உறை, சைடுவாலின் விறைப்பு எல்லாம் அந்த எழுத்தோடு சேர்ந்துதான் மாறும். அதிக எடையும் பெரிய பிரேக்கும் உள்ள காரை 100இல் ஓட்டினாலும் அந்த விறைப்பு வேண்டும். எடை எண்ணும் அப்படியே. காருக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறைவான எண் வேண்டவே வேண்டாம். கூடுதல் இருந்தால் பரவாயில்லை.

அகலத்தைக் கூட்டலாமா என்பது அடுத்த ஆசை. ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குல அகல ரிம்மில்தான் ஏற வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு தருகிறார். அதை மீறி அகல டயரைக் குறுகிய ரிம்மில் ஏற்றினால் சைடுவால் பிதுங்கிக்கொண்டு நிற்கும், ஸ்டியரிங் மந்தமாகும். மழையில் மிதக்கும் ஆபத்தும் கூடும், எடையும் கூடும். முதன்முறை மாற்றுகிறவர்கள் கம்பெனி அளவிலேயே இருப்பது நல்லது.

நான்காம் படி: உங்கள் மோசமான நாளுக்கு எந்த வகை

இதுதான் உண்மையான தேர்வு. பிராண்டைவிட வகைதான் பெரிய விஷயம்.

வேகக் காருக்கான கோடை டயர் என்பது முதல் வகை. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரெல்லி பி ஸீரோ, குட்இயர் ஈகிள் எஃப்1 சூப்பர்ஸ்போர்ட் எல்லாம் இந்த வரிசை. கோடை டயர் என்ற பெயரைப் பார்த்து மழைக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். சிலிக்கா கலந்த ரப்பரும் ஆழமான நீள்பள்ளங்களும் உள்ள இந்த டயர்கள் மிதமான வெப்பத்தில் பெய்யும் மழையில் பிரமாதமாகப் பிடிக்கும். இவற்றுக்கு எதிரி குளிர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகத் தொடங்கும். உறைநிலைக்குக் கீழே போனால் ஓட்டவே கூடாது. இறுகிய ரப்பர் வளையும்போது வெடிப்பு விடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். உறைகுளிர் இல்லாத இடத்தில் இருக்கிறீர்கள், டிராக் பக்கம் போகும் எண்ணமில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்காமல் இந்த வகையில் ஒன்றை எடுங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் பதில் என்பேன்.

எல்லாப் பருவத்துக்குமான வேக டயர்கள் அடுத்த வகை. மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ் போன்றவை. ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் இவற்றை ஏளனமாகப் பேசுவது வழக்கம். ஆனால் காரின் தயாரிப்பாளரே இதைப் பொருத்தி அனுப்புவதும் உண்டு: செவ்ரோலெட் கார்வெட் சி8 இன் அடிப்படை வகை எல்லாப் பருவ டயரில்தான் வருகிறது. குளிர்கால விடியலில் வேலைக்குப் போகிற கார் என்றால், உலர்ந்த சாலையில் கொஞ்சம் பிடிமானத்தை விட்டுக்கொடுத்து இதைப் போடுவது புத்திசாலித்தனம். மேலே சொன்ன கான்டினென்டல் டயரின் மேற்பரப்பிலேயே டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்துகள் பதிந்திருக்கும். தேயத் தேய எஸ் முதலில் மறையும்: இனிப் பனிச்சாலைக்கு ஆகாது. அப்புறம் டபிள்யூ: மழைக்கு ஆகாது. எளிமையான யோசனை, எல்லோரும் செய்யலாம்.

பனி நிலைத்துக் கிடக்கும் ஊர் என்றால் இதுவும் போதாது. மூன்று சிகரங்களுக்கு நடுவே பனித்துகள் வரைந்த முத்திரையுள்ள குளிர்கால டயரைத் தனி ரிம்மில் வைத்துக்கொண்டு பருவத்துக்கு ஏற்ப மாற்றுவதுதான் வழி.

மூன்றாவது, டிராக்கையே மனதில் வைத்துச் செய்தவை. யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் ஒரு பக்கம். இன்னும் ஒரு படி மேலே மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி பி ஸீரோ ட்ரோஃபியோ வரிசை. சூடேறிய பிறகு இவற்றின் பிடிமானத்துக்கு ஈடில்லை. சூடேறும் வரைக்கும்தான் சிக்கல். வெளி ஓரத்தில் பள்ளம் குறைவான, மொத்தத்தில் ஆழம் குறைந்த இந்த டயர் குளிர்ந்த ஈரச்சாலையில், சாதாரணக் காரில் இருக்கும் சாதாரண டயரைவிட மோசமாக நடந்துகொள்ளலாம். டிராக்கில் ஓட்டி முடித்து, மழையில் நெடுஞ்சாலை வழியே வீடு திரும்புகிற அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் மோசமான நாள் என்று சொன்னேன். தவிர, ஒவ்வொரு முறை நன்றாகச் சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகும். பட்டன் இருக்கும்போதே பிடிமானம் போய்விடும். வருஷத்தில் ஓரிரு முறை டிராக்குக்குப் போகிறவர் முதல் வகையிலேயே இருக்கலாம். அடிக்கடி போகிறவர் இரண்டாவது செட் ரிம் வாங்குவது நல்லது.

இன்னொன்று. பிடிமானம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பதும் முழு உண்மையில்லை. டொயோட்டா 86 கார் 2012இல் வந்தபோது, 215 அகலமுள்ள மிஷலின் பிரைமசி எச்பி என்ற, சிக்கன டயரை வேண்டுமென்றே பொருத்தினார்கள். பிரியஸிலும் அந்த டயர் உண்டு. மிதமான வேகத்திலேயே கார் லேசாக வழுக்க வேண்டும், ஓட்டுபவருக்கு அது விளையாட்டாக இருக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அப்படிப்பட்ட காரில் ஒட்டிக்கொள்ளும் டயரைப் போட்டால் வளைவில் வேகம் கூடும், சுவாரசியம் குறையலாம். உங்கள் காரில் எது பிடித்திருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: சின்னச் சின்னக் குறிகள்

ஒரே பெயர், ஒரே அளவு, இரண்டு விலை. கடையில் இப்படிப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். சைடுவாலை உற்றுப் பார்த்தால் ஒன்றில் ஒரு சிறு குறி கூடுதலாக இருக்கும். போர்ஷேவுக்கு என்0, என்1 என்று, பிஎம்டபிள்யூவுக்கு ஒரு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ, மெக்லாரனுக்கு எம்சி. கார் நிறுவனமும் டயர் நிறுவனமும் சேர்ந்து குறிப்பிட்ட காருக்கென்று டயரை மாற்றிச் செய்ததன் அடையாளம் அது. ரப்பர் கலவை, உள் அமைப்பு, சைடுவால் விறைப்பு இவற்றில் எதுவும் மாறியிருக்கலாம். பெயர்தான் ஒன்று, டயர் வேறு.

கட்டாயமா? போர்ஷே வைத்திருப்பவர்களுக்கு அந்த 'என்' (N) எழுத்துக் குறியோடே வாங்கச் சொல்வேன், உத்தரவாதக் காலத்தில் நிச்சயமாக. எஞ்சின் பின்னால் தொங்குகிற காரில் பின் டயரின் விறைப்பு சின்ன விஷயமில்லை. மற்ற கார்களில் குறி இருந்தால் நல்லது, ஆனால் குறியுள்ள டயர் பழைய தலைமுறையாகவும் குறியில்லாதது புதிய தலைமுறையாகவும் இருந்தால் புதியதை எடுக்கத் தயங்க மாட்டேன். எதுவானாலும் நான்கிலும் ஒரே குறி. என்0 இரண்டு, என்1 இரண்டு என்று கலக்க வேண்டாம்.

காரில் ஸ்டெப்னி இல்லையா? ரன்-ஃபிளாட் டயராக இருக்கலாம். காற்று முழுக்கப் போனாலும் விறைப்பான சைடுவாலிலேயே பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓடிச் சேரும். அதைத் தூக்கிவிட்டுச் சாதாரண டயர் போட்டால் கார் மென்மையாக ஓடும். பதிலுக்கு நடுவழியில் பஞ்சரானால் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் பாட்டிலும் இழுவை வண்டியும்தான் துணை. இரவில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: லேபிளும் சோதனையும்

அமெரிக்க முறையில் டயரில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 100 என்பது அடிப்படை. 300 என்றால் கணக்குப்படி அதைப்போல் மூன்று மடங்கு உழைக்க வேண்டும். டெக்சாஸில் குறிப்பிட்ட சாலைத் தடத்தில் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துத் தேய்மானத்தைக் கணிக்கிறார்கள். ஆனால் எண்ணைப் போடுவது தயாரிப்பாளரே. ஒரு நிறுவனத்தின் 300ஐ இன்னொரு நிறுவனத்தின் 300ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிடலாம், அவ்வளவுதான். பக்கத்தில் உள்ள ஏஏ, ஏ என்ற பிடிமானக் குறி ஈரத்தரையில் நேராக பிரேக் போட்டுப் பார்த்தது; வளைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஐரோப்பிய லேபிள், 2021 மே மாதம் புதுப்பிக்கப்பட்ட வடிவில், ஈரப் பிடிமானத்தையும் எரிபொருள் சிக்கனத்தையும் ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறது. சத்தத்தை டெசிபலில் சொல்கிறது. வேகக் காருக்கு ஈரப் பிடிமானக் கட்டத்தை மட்டும் பாருங்கள். சிக்கனக் கட்டத்தில் சி, டி இருந்தால் பதறத் தேவையில்லை. அதுவும் புது டயரின் மதிப்பெண் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இவற்றைவிட உபயோகமானது நேரடி ஒப்பீட்டுச் சோதனை. ஜெர்மனியின் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் அமைப்பும் ஆட்டோ பில்ட் பத்திரிகையும் இதை ஆண்டுதோறும் செய்கின்றன. படிக்கும்போது மொத்தத் தரவரிசையை விட்டுவிட்டு ஈரச்சாலை பிரேக்கிங், ஈரச்சாலை கையாளுதல் பகுதிகளுக்குப் போங்கள். உயர்தர டயர்களுக்குள் உலர்ந்த சாலையில் வித்தியாசம் மயிரிழையில்தான் இருக்கும். தண்ணீரில்தான் யார் யார் என்று தெரியும். எந்த அளவு டயரில், எந்த ஆண்டு செய்த சோதனை என்பதையும் பாருங்கள்.

ஏழாம் படி: இரண்டா, நான்கா

பின் சக்கரம் இழுக்கும் வேகக் காரில் பின் டயர்கள் முன்னதைவிடச் சீக்கிரம் தேய்வது சகஜம். அப்போது பின்னிரண்டை மட்டும் மாற்றலாம், முன்னால் இருக்கும் அதே மாடல், அதே குறி கிடைத்தால். கிடைக்கவில்லை, மாடலை நிறுத்திவிட்டார்கள் என்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள். முன்னால் ஒரு டயர், பின்னால் வேறொரு டயர் என்றால் முன்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் வழுக்கும், அல்லது தலைகீழாக. கார் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு நிலைப்படுத்தி எந்த டயரை வைத்துத் தயாரானதோ அந்தக் கணக்கும் குழம்பும். ஒரே அச்சில் இடதும் வலதும் வேறு வேறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான்கும் ஒரே அளவாக இருந்து இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால், பட்டன் அதிகமுள்ளவை பின்னால் போக வேண்டும், முன்சக்கரம் இழுக்கிற காராக இருந்தாலும். மழையில் முன்பக்கம் நழுவினால் ஆக்ஸிலரேட்டரில் காலை எடுத்தால் போதும், சமாளிக்கலாம். பின்பக்கம் வீசினால் பழகாதவரால் பிடிக்க முடியாது.

நான்கு சக்கரமும் இழுக்கிற காரில் கதை வேறு. சின்னக் கணக்கு: 680 மில்லிமீட்டர் விட்டமுள்ள புது டயரும், 5 மில்லிமீட்டர் பட்டன் தேய்ந்ததால் விட்டம் 670 ஆகிவிட்ட டயரும் ஒரே காரில் இருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பழையது சுமார் 7 சுற்று அதிகமாகச் சுற்றும். நேர்ச்சாலையில் போகும்போதும் டிஃபரன்ஷியலும் (சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிளட்சும் இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொண்டே, சூடாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்று கையேட்டில் பாருங்கள். அதைத் தாண்டினால் நான்கும் மாற்றுவது கியர்பெட்டி வேலையைவிட மலிவு.

எட்டாம் படி: கடையில் நிற்கும்போது

டயரை ரிம்மில் ஏற்றும் முன்பே தேதியைப் பாருங்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு பழையது என்றால் பரவாயில்லை. நான்கு வயதான டயரைத் தள்ளுபடியில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கணக்கு தயாரித்த நாளிலிருந்து ஓடுகிறது.

கடையைத் தேர்ந்தெடுப்பதும் டயரைத் தேர்ந்தெடுப்பதில் சேர்த்தி. தாழ்ந்த சைடுவாலை ஏற்றுவது கடினமான வேலை. கடப்பாரையை வைத்து நெம்பினால் ரிம்மின் விளிம்பில் கீறல் விழும். காற்றழுத்த சென்சார் வால்வுக்கு அடியில்தான் இருக்கும், அந்த இடத்தில் அழுத்தினால் உடையும். உதவிக்கை உள்ள இயந்திரம் இருக்கிறதா, தாழ்ந்த காரைத் தூக்க ஜாக்கி வைக்கும் இடம் தெரியுமா என்று கேளுங்கள். கேள்வியிலேயே முகம் சுளிக்கிற கடைக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பார்க்கலாம்.

ஏற்றிய பிறகு நீங்களே ஒரு சுற்று வாருங்கள். சமச்சீரற்ற வடிவமுள்ள டயரில் அவுட்சைடு என்று எழுதியிருக்கும். நான்கு பக்கமும் அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். அம்புக்குறி இருந்தால் முன்னோக்கி உருளும் திசையைக் காட்ட வேண்டும். பேலன்சிங் எடையை ரிம்மின் உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். பெரிய பிரேக் கேலிப்பர் உள்ள காரில் அது உரசுமா என்று கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டை டார்க் ரெஞ்சில்தான் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) முறுக்க வேண்டும், காற்றுத் துப்பாக்கியில் அடித்துவிட்டுப் போகக் கூடாது. போர்ஷே 911 ஜிடி3 போன்ற சில கார்களில் சக்கரத்துக்கு நடுவில் ஒரே ஒரு நட். 991 தலைமுறையில் அதற்கு 600 நியூட்டன் மீட்டர் வேண்டும். எல்லாக் கடையிலும் அந்தக் கருவி இருக்காது.

அலைன்மென்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உள் ஓரம் தேய்ந்தால் எல்லோரும் சக்கரத்தின் சாய்வைக் குறை சொல்வார்கள். சாய்வு தேய்க்கும்தான், ஆனால் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. அதாவது, மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று பார்த்தோ விலகியோ நிற்கிற கோணம். சாய்வைத் தொடாமல் டோவை மட்டும் கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்தாலே அடுத்த செட் கணிசமாக அதிகம் உழைக்கும். வேலை முடிந்ததும் முன், பின் அளவுகள் அச்சான தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் 300 கிலோமீட்டர்

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 300 கிலோமீட்டருக்கு முரட்டு பிரேக், முரட்டு வளைவு இரண்டும் வேண்டாம். ஈரச்சாலையில் இன்னும் நிதானம். இந்த நாட்களில் "பழைய டயரே தேவலை போலிருக்கே" என்றுகூடத் தோன்றும். ஸ்டியரிங் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும். உயரமான புதுப் பட்டன்கள் வளைவில் லேசாக நெளிகின்றன, மொட்டையான பழைய டயரில் நெளிய ஒன்றுமில்லை. காரணம் அதுதான். கொஞ்சம் ஓடியதும் சரியாகிவிடும்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, கதவு ஸ்டிக்கர் சொல்லும் அளவுக்குப் பிடியுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறாக இருக்கும், முழு பாரத்துக்கும் அதிவேகத்துக்கும் தனி அளவு இருக்கலாம். வெளி வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அழுத்தம் சுமார் 1.5 முதல் 2 பிஎஸ்ஐ வரை குறையும். பருவம் மாறும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிராக்கில் ஓட்டும்போது சூட்டில் அழுத்தம் ஏறும் என்பதால் கொஞ்சம் இறக்கி வைப்பார்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏற்ற வேண்டும். கையில் சிறிய பம்பும் நம்பகமான கேஜும் இருந்தால் போதும். சக்கர நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.